தாத்தா வாட்ச் ஒரிஜினல்தானா? பழைய ஒமேகா, ரோலக்ஸைப் பாகம் பாகமாகப் பார்க்கும் முறை

கும்பகோணத்தில் நான் போகிற வாட்ச் ரிப்பேர் கடையில் ஒரு ஆள்தான் உட்காரலாம். உள்ளே இருப்பவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். போன ஐப்பசியில், பெரியப்பா வீட்டுப் பீரோவிலிருந்து எடுத்த ஒமேகா சீமாஸ்டரை அவரிடம் நீட்டி, "ஒரிஜினலா பாய்?" என்று கேட்டேன். லூப்பைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அரை நிமிடம் பார்த்தார்.

"எதைத் தம்பி கேக்குறீங்க? மெஷினையா, கேஸையா, டயலையா, முள்ளையா, சாவியையா?"

சரியான கேள்வி. அறுபது எழுபது வருஷம் ஓடிய வாட்சில் எல்லாப் பாகமும் பிறந்த நாளில் இருந்தபடியே இருந்தால் அது அதிசயம். கண்ணாடி கீறும், பக்கவாட்டில் திருகுகிற சாவி தேயும், டயலில் ஈரம் ஏறும். மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வயது கேட்டு, எல்லாம் ஒரே வயதைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பாகங்களை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். கூடப் பிறந்தது: தொழிற்சாலையிலிருந்து வாட்சோடு வந்தது. கம்பெனி கொடுத்தது: பின்னாளில் சர்வீஸில் கம்பெனியே மாற்றிப் போட்ட அசல் பாகம். கடையில் போட்டது: வெளியே யாரோ செய்தது, இல்லையென்றால் வேறு வாட்சிலிருந்து கழற்றியது. மூன்றாவது வகை இருப்பதாலேயே வாட்ச் போலி ஆகிவிடாது. அதை மறைத்து முதல் வகை விலைக்கு விற்றால்தான் ஏமாற்று.

இந்த மூன்றாவது வகை நம் ஊர் வாட்சுகளில் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. 1991-க்கு முன்னால் பல பத்தாண்டுகளாக வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. டெல்டாவுக்கு நல்ல வாட்ச் பெரும்பாலும் ஆளோடு வந்தது. முன்னால் நாகப்பட்டினம் வந்து நின்ற ரஜூலா கப்பலில் பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து, பிறகு வளைகுடாவிலிருந்து. வாட்ச் வந்தது, உதிரிப்பாகம் வரவில்லை. பழுதானால் உள்ளூர் ஆள் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வாட்ச் ஓட வேண்டும் என்பதுதானே அன்றைய தேவை.

படி 1: கதையை எழுதி வையுங்கள், நம்பாதீர்கள்

யார் வாங்கியது, எந்த வருஷம், எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாண போட்டோவில் கையில் தெரிகிறதா, கஸ்டம்ஸ் ரசீது, கேரண்டி கார்டு ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுக் கதை: தாத்தா 1957-இல் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டு வந்தது. இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாட்ச் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வாட்சின் வயது கதையைவிட இரண்டு மூன்று வருஷம் மூப்பாக இருந்தால் இயல்பு, கடையில் இருந்து விற்றிருக்கும். கதையைவிட இளசாக இருந்தால் எங்கோ இடிக்கிறது.

கருவிகள் அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், செல்போன் டார்ச், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச், அடியில் விரிக்க ஒரு வெள்ளைத்தாள். பின்மூடியைக் கத்தியால் நெம்ப வேண்டாம். அதற்கு ரிப்பேர்காரரிடமே போங்கள்.

படி 2: டயல்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. பழைய வாட்சின் விலை பெரும்பாலும் டயலில்தான் இருக்கிறது. ஏமாற்றும் பெரும்பாலும் அங்கேதான்.

நம் புழுக்கத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், டயலில் ஈரம் ஏறிப் புள்ளி விழும். நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். கறுத்த டயலை ரீடயலுக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி சாதாரண விஷயம். பழைய அச்சையும் பூச்சையும் ரசாயனத்தில் கரைத்து, தேய்த்து, புது வண்ணம் அடித்து, மேலே எழுத்தை மறுபடி அச்சடிப்பார்கள். மணி குறிக்கும் உலோகக் கட்டைகளைக் கழற்றி மறுபடி குத்துவார்கள். வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நாலைந்து இடத்தில் காட்டிக்கொடுக்கும்.

முதலில் எழுத்து. சுவிஸ் தொழிற்சாலை அச்சு லூப்புக்கு அடியிலும் கூர்மையாக, லேசாக மேடு தட்டி நிற்கும். ரீடயல் எழுத்து தடித்திருக்கும், ஓரம் மை ஊறியது போல் இருக்கும். ஒரே சொல்லில் இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளி கூடும், குறையும்.

அடுத்தது நிமிடக்கோடு. டயல் ஓரத்தில் சுற்றி வரும் சின்னக் கோடுகள் 12, 3, 6, 9 கட்டைகளுக்கு நேர் நடுவே வர வேண்டும். ஒரு கோடு கட்டைக்கு இடப்பக்கமும் எதிர்க்கோடு வலப்பக்கமும் விலகினால் மறு அச்சு என்று அர்த்தம். சின்ன செகண்ட் வட்டம் உள்ள டயலில் குழிந்த வட்டத்தின் மையமும் அதில் அச்சடித்த கோடுகளின் மையமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ரீடயலில் இது அடிக்கடி தவறும்.

பிறகு 6 மணிக்குக் கீழே, ஓரத்தில், 'சுவிஸ்' அல்லது 'சுவிஸ் மேட்' என்ற பொடி எழுத்து. ரீடயலில் அது காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் இருக்கக் கூடாத உயரத்தில் இருக்கும். டயலின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டுத் தெரிந்தால் அதையும் கவனியுங்கள். மறு அச்சின்போது டயலை நிறுத்திப் பிடிக்கச் சிலர் போடுகிற அடையாளம் அது.

கடைசியாக நிறம். பளீர் ஆரஞ்சு, மயில் நீலம், வெற்றிலைப் பச்சை டயலோடு 1950-களின் ஒமேகாவோ ஃபாவ்ர் லூபாவோ இணையத்தில் மலிவாகக் கிடைத்தால், அந்த நிறம் சுவிட்சர்லாந்தில் அடித்தது இல்லை. ஃபாவ்ர் லூபா 1865-இலேயே பம்பாய்க்கு வந்த கம்பெனி. அதன் சீ சீஃப், சீ கிங் மாடல்கள் நம் வீடுகளில் ஏராளம். அதனால்தான் ரீடயல் போட்டு விற்கவும் அதுவே அதிகம் மாட்டிக்கொள்கிறது.

உண்மையான முதுமைக்கு ஒரு வழித்தடம் உண்டு. ஈரம் சாவிப் பக்கமாகவோ கண்ணாடி ஓரமாகவோ நுழையும், கறை அங்கிருந்து உள்ளே பரவும். சீராக, முழு டயலும் டீ டிகாக்ஷனில் முக்கியது போல் பழுத்திருந்தால் நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பேன்.

படி 3: ரேடியம்

இருட்டில் மினுங்கும் எதற்கும் நாம் ரேடியம் என்றே பெயர் வைத்துவிட்டோம். வாட்சில் மூன்று தலைமுறை மினுங்கல் உண்டு, மூன்றும் மூன்று வயது சொல்லும். 1960-களின் தொடக்கம் வரை அசல் ரேடியம். அதன்பின் 1990-களின் கடைசி வரை டிரிட்டியம். 1998 வாக்கில் கதிரியக்கம் இல்லாத லூமிநோவா வகைப் பூச்சு. டிரிட்டியம் டயலில் பெரும்பாலும் 'சுவிஸ்' எழுத்துக்குப் பக்கத்தில் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 வருஷம். ஆக, 1970-இல் பூசியது இன்றைக்கு ராத்திரி முழுக்க ஒளிரக் காரணமே இல்லை. ஊதா டார்ச்சை ஐந்து விநாடி அடித்து அணையுங்கள். பழைய பூச்சு சட்டென்று மங்கும். நிமிடக்கணக்கில் பச்சையாக எரிந்தால் புதுப்பூச்சு. முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே மாதிரி மங்குகிறதா என்றும் பாருங்கள். ஒன்று எரிந்து ஒன்று எரியாவிட்டால் இரண்டும் கூடப் பிறக்கவில்லை.

ரோலக்ஸில் இதற்கு ஒரு கொசுறு. 'டி' இல்லாமல் வெறும் 'சுவிஸ்' என்று மட்டும் இருந்தால் அது 60-களுக்கு முந்திய ரேடியம் டயலாகவும் இருக்கலாம், 1998-ஐ ஒட்டி வந்த புது டயலாகவும் இருக்கலாம். 1970-ஆம் வருஷக் கேஸில் அந்த இரண்டாவது டயல் இருந்தால், கம்பெனி சர்வீஸில் மாற்றிய டயல் என்று புரிந்துகொள்ளலாம். போலி இல்லை, ஆனால் கூடப் பிறந்ததும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். மினுங்கல் செத்தாலும் கதிரியக்கம் சாகவில்லை. வாட்ச் மூடியிருக்கும் வரை கையில் எடுத்துப் பார்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பழுப்புப் பூச்சைச் சுரண்டவோ, தூசியை ஊதவோ வேண்டாம்.

படி 4: முள், சாவி, கண்ணாடி

முள்ளை நீளத்தில் பிடிக்கலாம். நிமிட முள் நிமிடக்கோட்டைத் தொட வேண்டும், மணி முள் கட்டையின் உள்முனை வரைக்கும் வர வேண்டும். குட்டையாக இருந்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி, சின்ன வாட்ச் முள்ளைப் பெரிய வாட்சுக்குப் போட்டிருக்கிறார்கள். கட்டை தங்க நிறமாகவும் முள் வெள்ளி நிறமாகவும் இருந்தாலும் கேள்வி கேளுங்கள்.

சாவியில் கம்பெனிக் குறி இல்லை என்பதற்காக நான் எந்த வாட்சையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அது தேயும், மாறும். கண்ணாடியும் அப்படியே. பழைய ஒமேகா பிளாஸ்டிக் கண்ணாடிகள் பலவற்றில் நடு மையத்தில், குதிரை லாடம் போன்ற ஒமேகா குறி ஊசிமுனை அளவில் இருக்கும். இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் பேரத்துக்கு ஒரு சாக்கு.

படி 5: கேஸும் தங்கமும்

பட்டை மாட்டும் கொம்புகள் நாலையும் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தொழிற்சாலை வெட்டிய விளிம்பு கூர்மையாக, நாலிலும் ஒரே தடிமனாக இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் நாலைந்து தடவை போன கேஸ், சூப்பிய புளிப்பு மிட்டாய் மாதிரி வழவழவென்று உருண்டிருக்கும். ஒமேகா கான்ஸ்டலேஷன் பின்மூடியில் வானாய்வு மண்டபமும் எட்டு நட்சத்திரமும் புடைத்து நிற்க வேண்டும். பல சீமாஸ்டர்களில் கடல்குதிரை. அவை மழுங்கியிருந்தால் மீதிக் கேஸும் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்கு.

'தங்க வாட்ச்' என்று வருவதில் பாதி முலாம். கொம்பு நுனியிலும் சாவிக்குப் பக்கத்திலும் பித்தளை பல்லிளிக்கிறதா பாருங்கள். பின்மூடியில் '20 மைக்ரான்' என்று இருந்தால் அது முலாமின் தடிமன், நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். சுவிஸ் 18 காரட் கேஸில், 1995-க்கு முன் என்றால், ஹெல்வெடியா என்ற பெண் தலை முத்திரை இருக்கும். 14 காரட்டுக்கு அணில். நம் வழக்கப்படி உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம், கொம்பின் விளிம்பு போய்விடும். நகைக்கடையில் தங்கத்தின் தரம் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். எஃகு மேல் தடித்த தங்கத்தகடு போர்த்திய கேஸைத் தங்கம் என்றே சொல்லிவிடும். அதனால் உள்முத்திரையும் வேண்டும், எடையும் வேண்டும்.

இந்த இடத்தில் நான் சூடுபட்டவன். சில வருஷம் முன்பு ஒரு பழம்பொருள் கடையில் ஒமேகா ஒன்று வாங்கினேன். டயல் அருமை, ஓட்டம் அருமை, கடைக்காரர் பேச்சு அதைவிட அருமை. பின்மூடியைத் திறக்கச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டேன். பாய் திறந்ததும் மூடியின் உள்பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மொட்டை. ஒரு எழுத்து கிடையாது. ஒமேகா கேஸின் உள்பக்கம் கம்பெனிப் பெயர், மாடல் எண், உலோகம் எல்லாம் குத்தியிருக்க வேண்டும். உள்ளே அசல் ஒமேகா மெஷின், வெளியே எங்கோ செய்த கேஸ். அன்றிலிருந்து திறந்து காட்டாத வாட்சுக்கு நான் முன்பணம்கூடக் கொடுப்பதில்லை.

படி 6: பின்மூடியைத் திறந்த பிறகு

1950, 60-களின் ஒமேகா மெஷின் பெரும்பாலும் செம்பு கலந்த இளஞ்சிவப்பு. புளி போட்டுத் தேய்த்த சொம்பு நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத்தகட்டில் கம்பெனிப் பெயர், உள்ளே தேய்மானம் தாங்கும் கற்களின் எண்ணிக்கை, சீரியல் எண் இருக்கும். பெயர் ஆழமாக, ஒரே சீராக வெட்டப்பட்டிருக்கும். சாதாரண மெஷின் மேல் பிறகு கீறிய பெயர் ஆழமின்றி, ஓரம் பிசிறு தட்டி இருக்கும். கேஸுக்கும் மெஷினுக்கும் நடுவே பொருந்தாத வளையம், தகடு, மடித்த காகிதம் எதையாவது செருகியிருந்தால் அந்த மெஷின் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. சாவித்தண்டு கேஸ் துளைக்கு நேராக வருகிறதா என்பதும் அதே கேள்விதான்.

ஒமேகா சீரியல் எண்ணைத் தோராயமாக இப்படிப் படிக்கலாம். 1 கோடி என்றால் 1944 வாக்கில், 1 கோடியே 20 லட்சம் 1950, 1 கோடியே 40 லட்சம் 1954, 1 கோடியே 60 லட்சம் 1958, 2 கோடி 1963. முன்னே பின்னே ஒன்றிரண்டு வருஷம் நகரும். இந்த வயதை மூடியின் உள்ளே உள்ள மாடல் எண்ணோடு ஒட்டிப் பாருங்கள். ஆறு இலக்கத்தில் நடுவே புள்ளி வைத்து எழுதும் முறை 60-களில்தான் வந்தது. 1954 மெஷினும் அந்த வகை எண்ணும் ஒரே வாட்சில் இருந்தால் இரண்டு வாட்சைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

ஓசையும் உதவும். வாட்சின் துடிப்பைக் கேட்டு எண்ணிக்கை சொல்லும் செயலிகள் செல்போனில் கிடைக்கின்றன. ஒமேகாவின் 550 வரிசை ஆட்டோமேட்டிக்கும் ரோலக்ஸ் 1570 மெஷினும் மணிக்கு 19,800 துடிப்பு. அந்த மெஷின் என்று சொல்லி விற்பது 18,000-இலோ 28,800-இலோ துடித்தால் வேறு மெஷின். கடைசியில் திருகுகளின் தலையைப் பாருங்கள். திருப்புளி நுழையும் காடி கிழிந்திருந்தால் போலி என்று அர்த்தமில்லை, அவசரக்காரர் கைபட்டிருக்கிறது என்று மட்டும் அர்த்தம்.

படி 7: மற்றவை, சுருக்கமாக

பழைய ரோலக்ஸில் சீரியல் எண் கேஸில், 6 மணிப் பக்கக் கொம்புகளுக்கு நடுவே, பட்டையைக் கழற்றினால் தெரியும். மாடல் எண் 12 மணிப் பக்கம். எழுத்து கூர்மையாக ஒளியைத் திருப்ப வேண்டும். அமிலத்தில் அரித்தது போல் மணல்மணலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 50, 60-களின் பின்மூடி உட்புறத்தில் வருஷமும் காலாண்டும் ரோமன் எண்ணோடு குத்தியிருப்பதுண்டு. தேதி காட்டும் டேட்ஜஸ்ட் மாடலில் தேதிக்கு மேலுள்ள கண்ணாடிக் குமிழ் இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். குறைந்தால் கண்ணாடி மட்டும் மாறியிருக்கவும் கூடும், உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் கண்ணாடி வைத்து மெஷின் தெரியும் பழைய டேட்ஜஸ்ட் என்று யாராவது காட்டினால் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். செகண்ட் முள் டக் டக்கென்று குதிப்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 1977-இலிருந்து ரோலக்ஸே ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று பேட்டரி வாட்ச் விற்றிருக்கிறது.

வளைகுடாவிலிருந்து வந்த பழைய ராடோக்களில் டயல் மேலே உள்ள நங்கூரம், வாட்சைச் சாய்த்தால் தானாகச் சுழல வேண்டும். ஒட்டி வைத்த நங்கூரம் அசையாது. ஆனால் எண்ணெய் காய்ந்த அசலும் அசையாது, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சீகோ சொகுசு வாட்ச் இல்லை என்றாலும் பழகிக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. பின்மூடியில் நாலு இலக்க மெஷின் எண், கோடு, பிறகு கேஸ் எண். டயலின் அடியோரத்திலும் அதே நாலு இலக்கம் பொடியாக இருக்க வேண்டும். சீரியலின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். பீரோவில் இருக்கும் சீகோ 5-ஐ எடுத்து இன்றைக்கே படித்துப் பாருங்கள். லாஞ்சின்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. சீரியலை எழுதிக் கேட்டால் கம்பெனி தன் பழைய பேரேட்டைப் பார்த்துச் சொல்லும்.

படி 8: விலை பேசும்போதும், சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும்

ஒரு தாளில் பாகங்களை வரிசையாக எழுதி, எதிரே கூடப் பிறந்தது, கம்பெனி கொடுத்தது, கடையில் போட்டது என்று குறியுங்கள். ரீடயலுக்குப் பெரிதாகக் குறைக்கச் சொல்லலாம். கேஸ் மாறியிருந்தால் மெஷினின் விலைக்குமேல் கொடுக்காதீர்கள். சாவிக்கும் கண்ணாடிக்கும் சண்டை போடாதீர்கள்.

சொந்த வாட்சை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள்: பாலிஷ் வேண்டாம், டயலில் கை வைக்க வேண்டாம், கழற்றிய பழைய பாகத்தைப் பொட்டலம் கட்டித் திருப்பித் தர வேண்டும். மூன்றாவதைப் பலரும் சொல்வதில்லை. அசல் முள் குப்பைக்குப் போவது அப்படித்தான்.

எங்கள் சீமாஸ்டருக்கு வருகிறேன். கையில் ஆட்டினால் டொக் டொக் என்று உள்ளே எதுவோ இடிக்கும். உடைந்துவிட்டது என்றே பெரியப்பா இத்தனை வருஷம் நினைத்திருந்தார். பாய் சிரித்தார். அரைவட்ட எடை முழுசாகச் சுற்றாமல் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும் பழைய ஆட்டோமேட்டிக், அது அப்படித்தான் இடிக்கும். சீரியல் 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சம், 1954 வாக்கு. தாத்தா கதை பொருந்திவிட்டது. கேஸின் உள்முத்திரை சரி. சாவி கடையில் போட்டது. டயல் ரீடயல்: 6 மணிக் கட்டை அச்சுக்கோட்டிலிருந்து ஒரு மயிரிழை இடப்பக்கம் விலகியிருந்தது.

"எப்ப போட்டிருப்பாங்க பாய்?"

மூடியின் உள்பக்கத்தை விளக்குக்கு அடியில் சாய்த்தார். ரிப்பேர்காரர்கள் ஊசியால் கீறி வைக்கும் குறிகள், பொடிப்பொடியாக நாலைந்து. அதில் ஒன்றை நகத்தால் காட்டினார். ஒரு வளைந்த கோடு, பக்கத்தில் 72.

"இது எங்க அத்தா கையெழுத்து. டயலை பம்பாய்க்கு அனுப்பினவரும் அவராத்தான் இருக்கணும்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் திருகப் போனார். நீங்களும் தேதி போடுங்களேன் என்றேன்.

"இப்பல்லாம் கீறுறதில்லை தம்பி" என்று செல்போனை எடுத்து, அந்த 72 தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார்.